மும்பைல பில்டர் சொசைட்டி ஆக்கித் தரலையா? 28 ஃப்ளாட்காரங்க பட்ட பாடும் நீங்க போக வேண்டிய ரூட்டும்

எங்க பில்டிங் சென்ட்ரல் லைன்ல இருக்கு, கீழ பார்க்கிங், மேல 7 மாடி, மாடிக்கு 4 வீடு, மொத்தம் 28. சாவி வாங்கி மூணு வருஷம் ஆகியும் பில்டர் சொசைட்டி (வீட்டுக்காரங்க சேர்ந்து பில்டிங்கை நடத்தற கூட்டுறவு சங்கம்) பதிவு பண்ணித் தரல. அக்ரிமென்ட் போடும்போதே "சொசைட்டி ஃபார்மேஷன் சார்ஜ்"னு ஒரு தொகை, 24 மாசத்து மெயின்டெனன்ஸ் அட்வான்ஸ்னு இன்னொரு தொகை வாங்கிட்டாங்க, கேட்டா "ஹோ ஜாயேகா சாப்" (ஆயிடும் சார்)தான். லிஃப்ட் நின்னா பில்டர் ஆபிஸ்ல கெஞ்சணும், தண்ணி டாங்கர் வந்தா காசு யார் கொடுக்கறதுன்னு வாட்ஸப் குரூப்ல சண்டை. கடைசில நாங்களே இறங்கிப் பண்ணோம். அதுல பாதி நேரம் தெரியாத்தனத்துல வீணாச்சு, அதனாலதான் இதை எழுதறேன்.

வெள்ளைக்காரன் காலத்துல 1915ல காம்தேவில சரஸ்வத் சொசைட்டி பதிவானதுல இருந்து இந்த ஊருக்கு ஹவுசிங் சொசைட்டி பழக்கம்தான், ஆனா ஆபிஸ்ல போய் நின்னா என்னமோ நாமதான் முதல் முதலா கேக்கற மாதிரி இருக்கும். இப்ப நடக்கறது எல்லாம் 1960 மகாராஷ்டிரா கோ-ஆபரேட்டிவ் சொசைட்டீஸ் சட்டம், அதுல 2019ல ஹவுசிங் சொசைட்டிக்குன்னு தனி அத்தியாயம் சேர்த்திருக்காங்க. ஏஜென்ட், ஆபிஸ் ஆளுங்க பல பேர் இன்னும் பழைய கணக்கையே சொல்வாங்க, அதனால யார் என்ன நம்பர் சொன்னாலும் "2019க்கு அப்புறமும் இதுதானா"ன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.

1. முதல்ல உங்க நிலைமை என்னன்னு பாருங்க

2017க்கு அப்புறம் ரேராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவான ப்ராஜெக்ட்டா? அப்ப மொத்த வீட்ல 51 சதவீதம் புக் ஆன தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள பில்டர் சொசைட்டிக்கு அப்ளை பண்ணணும். அதுக்கு முந்தின பில்டிங்னா 1963 மோஃபா சட்டம் (மகாராஷ்டிராவோட பழைய ஃப்ளாட் சட்டம்), அதுல 4 மாசம். இந்த ரெண்டு கெடுவும் உங்களுக்கு எப்பவோ தாண்டியிருக்கும்னு எனக்குத் தெரியும். தாண்டினதுதான் உங்க கையில இருக்கற ஆயுதம், ஏன்னா பில்டர் பண்ணலன்னா வீடு வாங்கினவங்களே நேரா அப்ளை பண்ணலாம், பில்டர் கையெழுத்து இல்லாமலே. ஆபிஸ்ல இதை "நான்-கோஆபரேஷன் கேஸ்" (பில்டர் ஒத்துழைக்காத கேஸ்)னு சொல்வாங்க, இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

எத்தனை பேர் வேணும்? மொத்த வீட்ல 51 சதவீதம், அதோட 5 பேருக்குக் குறையக் கூடாது. எங்க 28ல 15 பேர். பழைய ஆளுங்க 10 பேர் போதும்னுவாங்க, சில பேர் 60 சதவீதம்னுவாங்க. நாங்க அந்த 60ஐ நம்பி இன்னும் ரெண்டு பேர் கையெழுத்துக்காக நாலு மாசம் காத்திருந்தோம், ஒருத்தர் மஸ்கட்ல, இன்னொருத்தர் திருநெல்வேலியில. அந்த நாலு மாசம் சுத்தமா வேஸ்ட்.

ரேரா ப்ராஜெக்ட்னா மகாரேராவுல (மகாராஷ்டிராவோட ரேரா ஆணையம்) கம்ப்ளெய்ன்ட்டும் போடலாம், 5000 ரூபாய் ஃபீஸ். நாங்க அந்த வழி போகல. அது கிளைக் கதை, நீளும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினவங்க இருக்காங்க, ஆனா 28 வீட்டுக்கு அவ்வளவு தெம்பு இல்ல.

2. பேப்பர் சேர்க்கறது (பாதி உயிர் இதுலதான் போகும்)

அப்ளிகேஷன் எழுதறதுக்கு முன்னாடியே இதெல்லாம் சேர்த்து ஒரு ஃபைல் போடுங்க. நாங்க தலைகீழா பண்ணோம், அப்ளிகேஷன் கொடுத்துட்டு பேப்பர் தேடினோம், ஒவ்வொரு தடவையும் ஒரு ஓட்டை சொல்லி திருப்பி அனுப்பினாங்க.

ஒவ்வொரு வீட்டுக்கும் ரெஜிஸ்டர் ஆன அக்ரிமென்ட் ஜெராக்ஸ், அதோட இன்டெக்ஸ் டூ (பதிவான பத்திரத்தோட சுருக்கம்). இன்டெக்ஸ் டூ தொலைஞ்சவங்க பயப்பட வேணாம், பத்திரப் பதிவுத் துறை சைட்ல தேடி எடுக்கலாம். பில்டிங்குக்கு: அப்ரூவ்டு ப்ளான், கமென்ஸ்மென்ட் சர்டிபிகேட் (கட்ட ஆரம்பிக்க அனுமதி), ஓசி (குடியேறலாம்ங்கற சர்டிபிகேட்), ப்ராப்பர்ட்டி கார்டு இல்லன்னா செவன் ட்வெல்வ் (நிலம் யார் பேர்லன்னு காட்டற அரசாங்கப் பதிவு), டைட்டில் ரிப்போர்ட், நிலத்துக்காரருக்கும் பில்டருக்கும் நடுவுல போட்ட டெவலப்மென்ட் அக்ரிமென்ட், ஆர்க்கிடெக்ட் சர்டிபிகேட்.

இதுல பில்டர் எதையும் தர மாட்டார்னு வச்சுக்கோங்க. ரேரா ப்ராஜெக்ட்னா பாதி பேப்பர் மகாரேரா சைட்லயே அப்லோட் ஆகியிருக்கும், போய் டவுன்லோட் பண்ணிக்கலாம், இது தெரியாம நாங்க ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்தோம். ப்ளான், ஓசி மாநகராட்சி பில்டிங் ப்ரொபோசல் டிபார்ட்மென்ட்ல இருக்கும், ஆர்டிஐ போட்டா 10 ரூபாய் அப்ளிகேஷன் ஃபீஸ், அதுக்கு மேல காப்பிக்கு காசு. ப்ராப்பர்ட்டி கார்டு ஆன்லைன்லயே எடுக்கலாம். டெவலப்மென்ட் அக்ரிமென்ட் நம்பர் உங்க சொந்த வீட்டு அக்ரிமென்ட்லயே முதல் நாலு பக்கத்துல எங்கயாவது எழுதியிருக்கும், அந்த நம்பரை வச்சு சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபிஸ்ல சர்டிஃபைடு காப்பி கேளுங்க. உங்க அக்ரிமென்ட்டை ஒரு தடவை முழுசா படிங்க சார், லோன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டதோட சரி, யாருமே படிச்சதில்ல.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற ஒரு தொல்லை. பேரு. இங்க ஃபார்ம்ல குடும்பப் பேரு, சொந்தப் பேரு, அப்பா பேருன்னு மூணு கட்டம் இருக்கும். நமக்கு இருக்கறது ஒரு இனிஷியலும் ஒரு பேரும். ஆதார்ல "எஸ். முருகன்", பான் கார்டுல "சுப்பிரமணியன் முருகன்", அக்ரிமென்ட்ல "முருகன் சுப்பிரமணியன்", பேங்க்ல "முருகன் எஸ்". அங்க இருக்கற க்ளார்க்குக்கு இது நாலு ஆளு. எங்க பில்டிங்ல 9 தமிழ் குடும்பம், 9லயும் இந்தப் பிரச்சனை, எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறினதால அவங்க மட்டும் அஞ்சு ஆளு. தீர்வு சிம்பிள்: அக்ரிமென்ட்ல எப்படி இருக்கோ அதுதான் சொசைட்டி பேரு, மத்தது எல்லாம் ஒரே ஆளுதான்னு ஒரு அஃபிடவிட். ஆனா இதை முதல்லயே எல்லாருக்கும் மொத்தமா ஒரே நோட்டரிகிட்ட முடிச்சிருங்க, ஒவ்வொருத்தரா அலைஞ்சா ஒவ்வொரு ஃபார்மட்ல வரும், அதுக்கும் ஒரு ஆட்சேபம் வரும். ஸ்டாம்ப் பேப்பர் எங்க நேரத்துல 100 ரூபாய், 2024 அக்டோபர்ல இருந்து மகாராஷ்டிராவுல 100, 200 ரூபாய் ஸ்டாம்ப்ல நடந்த பெரும்பாலான வேலைக்கு 500 ஆக்கிட்டாங்க, உங்களுக்கு எது பொருந்தும்னு நோட்டரிகிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

வெளியூர், வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்ட கையெழுத்து வாங்கறதுக்கு அவங்க லீவுக்கு வர்ற தேதியைக் கேட்டு ஒரு லிஸ்ட் போட்டு வைங்க. தீபாவளிக்கு வர்ற ஆளை விட்டா அடுத்து மே மாசம்தான்.

3. ஒரு மீட்டிங், ஒரு சீஃப் ப்ரமோட்டர்

வீட்டுக்காரங்க எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுத்து மீட்டிங் போடுங்க, பில்டருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ். அவர் வரமாட்டார், ஆனா அந்த தபால் ரசீது பின்னாடி தங்கம். மீட்டிங்ல சீஃப் ப்ரமோட்டர்னு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும், பதிவு ஆகற வரைக்கும் கையெழுத்து எல்லாம் அவர்தான். சொசைட்டிக்கு ரெண்டு மூணு பேரு வரிசையா யோசிச்சு வைங்க, முதல் பேரு ஏற்கனவே யாராவது வச்சிருந்தா அடுத்தது. எல்லாத்தையும் மினிட்ஸ்ல எழுதி வந்தவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க.

சீஃப் ப்ரமோட்டரா யாரைப் போடறதுன்னு என் கருத்து: பகல்ல நேரம் இருக்கற, மராத்தி படிக்கத் தெரிஞ்ச, கோபப்படாத ஆளு. நாங்க முதல்ல போட்டது நல்லா சத்தமா பேசற ஒருத்தரை. ஆபிஸ்ல முதல் நாளே க்ளார்க்கோட சண்டை போட்டுட்டு வந்துட்டார், அப்புறம் எங்க ஃபைல் நகரவே இல்ல. ரெண்டாவதா ரயில்வேல ரிட்டயர் ஆன ஒரு மாமாவைப் போட்டோம், டிபன் டப்பா எடுத்துட்டுப் போய் அங்கயே உக்காந்துடுவார், வேலை நடந்துச்சு.

4. பேரு ரிசர்வ், பேங்க் அக்கவுன்ட்

உங்க வார்டுக்குன்னு ஒரு டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் இருப்பார், போர்டுல "உப நிபந்தக்"னு மராத்தியில போட்டிருக்கும். முலுண்ட்னா டி (T) வார்டு, மாட்டுங்கா, சயான்னா எஃப் நார்த், தாராவி, தாதர்னா ஜி நார்த், இப்படி. மாநகராட்சி வார்டு ஆபிஸ்ல தேடாதீங்க, பேருதான் அதே வார்டு, ஆபிஸ் வேற இடம். நான் முதல் நாள் அங்கதான் போய் வரிசைல நின்னேன்.

அங்க சீஃப் ப்ரமோட்டர் பேர்ல அப்ளிகேஷன் கொடுத்தா பேரு ரிசர்வ் பண்ணி, பேங்க்ல அக்கவுன்ட் திறக்க அனுமதிக் கடிதம் தருவாங்க. ரிசர்வேஷன் மூணு மாசம்தான் செல்லும். இதுதான் மேல சொன்ன ஃபைலை முதல்லயே சேர்க்கச் சொன்னதுக்கு காரணம். எங்களுக்கு மூணு மாசம் முடிஞ்சு போச்சு, திரும்ப நீட்டிக்கக் கேட்டு எழுதி, அது வர்றதுக்குள்ள பேங்க் மேனேஜர் மாறிட்டார்.

அக்கவுன்ட் பெரும்பாலும் மாவட்ட மத்திய கூட்டுறவு பேங்க்ல, இங்க எல்லாரும் "மும்பை பேங்க்"னுவாங்க. ஒரு வீட்டுக்கு 50 ரூபாய் ஷேர் 10, அது 500, நுழைவுக் கட்டணம் 100, மொத்தம் 600. எங்க 28 வீட்டுக்கு 16,800. பேங்க்ல போட்டதும் பேலன்ஸ் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க, அப்ளிகேஷனோட வைக்கணும்.

600 ரூபாய்தானேன்னு எல்லாருக்கும் சேர்த்து ஒருத்தரே கட்டாதீங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேர்ல, செக்காவோ ஆன்லைன்லயோ. பின்னாடி "நான் ஷேர் பணமே கட்டல, நான் மெம்பரே இல்ல, மெயின்டெனன்ஸ் ஏன் கட்டணும்"னு ஒரு மகானுபாவர் கேட்டார்.

5. அப்ளிகேஷன்

ஏ, பி, சி, டின்னு நாலு ஃபார்ம். ஏ தான் அப்ளிகேஷன், மத்ததுல சொசைட்டி விவரம், மெம்பர் விவரம், கணக்கு. பைலா (சொசைட்டியோட விதிமுறை) நாலு காப்பி, அரசாங்கம் வச்சிருக்கற மாடல் பைலாவை அப்படியே எடுத்துக்கோங்க, "நம்ம பில்டிங்குக்கு ஏத்த மாதிரி" மாத்த ஆசைப்படாதீங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் விளக்கம் கேப்பாங்க. பில்டர் ஒத்துழைக்கலங்கறதுக்கு நீங்க அனுப்பின கடிதம், தபால் ரசீது, திரும்பி வந்த கவர் எல்லாத்தையும் சேர்த்து வைங்க. ஆபிஸ்ல இருந்து பில்டருக்கு ஒரு நோட்டீஸ் போகும், ஹியரிங் வைப்பாங்க. அன்னைக்கு அவரோட வக்கீல் வந்து "இன்னும் வீடு விக்கல, விங் பாக்கி இருக்கு"ன்னு ஏதாவது சொல்வார். விக்காத வீடுக்கு பில்டரே ஒரு மெம்பர் மாதிரிதான், அதுக்கு மெயின்டெனன்ஸும் அவர்தான் கட்டணும், அதுக்காக சொசைட்டி நிக்காதுன்னு எழுத்துல கொடுங்க. வாயால பேசினது எதுவும் ஃபைல்ல ஏறாது.

பதிவுக் கட்டணம் எங்களுக்கு சலான்ல 2500 ரூபாய். சட்டப்படி அப்ளிகேஷன் வாங்கின தேதியில இருந்து 2 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். அதனால இன்வர்ட் (வரவுப் பதிவு) நம்பரும் தேதியும் சீலும் போட்ட காப்பி இல்லாம அந்த ஆபிஸ் வாசலைத் தாண்டாதீங்க. எங்க முதல் அப்ளிகேஷனை "வச்சிட்டுப் போங்க, பாத்து சொல்றோம்"னாங்க, நாங்களும் நம்பி வச்சிட்டு வந்தோம். ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டா அப்படி ஒண்ணு வரவே இல்லையாம்.

ஏஜென்ட் வேணுமான்னு கேப்பீங்க. எங்ககிட்ட முதல்ல ஒருத்தர் 1,20,000 கேட்டார், "எல்லாம் சேர்த்து"ன்னு கண்ணடிச்சார். எங்களோட கையில இருந்து மொத்தமா போனது ஸ்டாம்ப், நோட்டரி, ஜெராக்ஸ், ஃபார்ம் டைப்பிங், ஒரு கன்சல்டன்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 38,000 சொச்சம், ஷேர் பணம் தனி. ஃபார்ம் நிரப்பவும் மராத்தி கடிதம் எழுதவும் மட்டும் ஆள் வச்சுக்கோங்க, ஃபைலை கையில கொடுத்துட்டு தூங்கிடாதீங்க. ஒரிஜினல் அக்ரிமென்ட்டை யாருக்கும் கொடுக்காதீங்க, இதை நான் ரெண்டு தடவை எழுதணும், கொடுக்காதீங்க.

6. சர்டிபிகேட் வந்ததும் முதல் மாசம்

ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து முடிச்சதும் எல்லாரும் காணாம போயிடுவாங்க, அதுக்குள்ள முதல் பொதுக்குழுவைக் கூட்டி கமிட்டி போட்டுடுங்க. 100 மெம்பர் வரைக்கும் இருக்கற சொசைட்டிக்கு மாடல் பைலாப்படி கமிட்டி 11 பேர், அதுல 2 இடம் பெண்களுக்கு, இன்னும் சில இட ஒதுக்கீடு உண்டு. பதவிக்காலம் 5 வருஷம். 250 மெம்பர் வரைக்கும் எலெக்‌ஷனை சொசைட்டியே நடத்திக்கலாம், அதுக்கு மேல போனாதான் எலெக்‌ஷன் அத்தாரிட்டி.

பெண்கள் இடத்துக்கு வீட்டுக்காரம்மா பேரை மட்டும் எழுதிட்டு புருஷன் வந்து உக்காருறது எல்லா சொசைட்டிலயும் நடக்குது. எங்க பில்டிங்ல நிஜமாவே வந்து உக்காந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்கதான் இப்ப டிரெஷரர், தண்ணி பில் ரெண்டு வருஷமா டபுளா வந்ததைக் கண்டுபிடிச்சது அவங்கதான்.

பான் கார்டு எடுங்க, அதுல கோ-ஆபரேட்டிவ் சொசைட்டின்னு தனி வகை இருக்காது, ஏஓபின்னு (அசோசியேஷன் ஆஃப் பர்சன்ஸ்) போடணும். பேங்க்ல சீஃப் ப்ரமோட்டர் அக்கவுன்ட்டை சொசைட்டி பேருக்கு மாத்துங்க, ரெண்டு பேர் கையெழுத்து. பில்டர்கிட்ட மெயின்டெனன்ஸ் அட்வான்ஸோட கணக்கும் மிச்சமும் கேட்டு எழுதுங்க. தண்ணி கனெக்‌ஷன், காமன் மீட்டர், லிஃப்ட் லைசென்ஸ் எல்லாம் பில்டர் பேர்ல இருக்கும், ஒவ்வொண்ணா மாத்தணும். ஐ ரெஜிஸ்டர் (மெம்பர் பதிவேடு), ஜே ஃபார்ம் மெம்பர் லிஸ்ட், ஷேர் ரெஜிஸ்டர், நாமினேஷன் ரெஜிஸ்டர், மினிட்ஸ் புக், இதெல்லாம் கடையில ரெடியாவே செட்டா கிடைக்கும்.

நாமினேஷன் ஃபார்மை எல்லார்கிட்டயும் அப்பவே வாங்கிடுங்க. நாமினின்னா சொந்தக்காரர் ஆயிடறதில்ல, வாரிசு பிரச்சனை தனி, ஆனா நாமினி பேரு இல்லாம ஒருத்தர் போயிட்டா சொசைட்டி யாருக்கு பில் போடறதுன்னே தெரியாம நிக்கும்.

7. மெயின்டெனன்ஸ் பில்: சண்டை வர்ற இடம்

இதுல நிதானமா படிங்க, உங்க பில்டிங்லயும் நாளைக்கு இதே சண்டைதான்.

வாட்ச்மேன், ஸ்வீப்பர், காமன் லைட், ஆபிஸ் செலவு, இந்த சர்வீஸ் சார்ஜ் எல்லா வீட்டுக்கும் சமம். ஒன் பிஎச்கே, த்ரீ பிஎச்கே எல்லாம் ஒண்ணுதான். சின்ன வீட்டுக்காரங்க "சதுர அடிக்குப் போடு"ம்பாங்க, பைலா அப்படிச் சொல்லல, வாட்ச்மேன் உங்க ஹால் சைஸைப் பாத்தா காவல் காக்கறார். லிஃப்ட்டும் சமம்தான், முதல் மாடிக்காரரும் கட்டணும். எங்க முதல் மாடி அண்ணாச்சி "நான் லிஃப்ட்ல ஏறினதே இல்ல, கேமரா போட்டுப் பாத்துக்கோங்க"ன்னு ஆறு மாசம் கட்டல. பைலா காப்பியைக் கையில கொடுத்ததும் கட்டினார், கொஞ்சம் முனகிட்டே.

தண்ணி, வீட்ல இருக்கற குழாய் இணைப்போட எண்ணிக்கை, சைஸ் கணக்கு. ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மாநகராட்சி எப்படிப் போடுதோ அப்படி.

சிங்கிங் ஃபண்டும் (பில்டிங் பழசாகும்போது வர்ற பெரிய வேலைக்கு சேர்த்து வைக்கற நிதி) ரிப்பேர் ஃபண்டும்தான் புது சொசைட்டிங்க ஏமாத்திக்கற இடம். சிங்கிங் ஃபண்ட் வருஷத்துக்கு கட்டுமானச் செலவுல குறைஞ்சது 0.25 சதவீதம், ரிப்பேர் ஃபண்ட் 0.75 சதவீதம். நிலத்து விலை இதுல சேராது, கட்டின செலவு மட்டும். ஒரு வீட்டுக்குக் கட்டுமானச் செலவு 20 லட்சம்னு ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுத்தா சிங்கிங் ஃபண்ட் வருஷம் 5000, ரிப்பேர் 15,000, ரெண்டும் சேர்த்து மாசம் 1670 கிட்ட வரும். "புது பில்டிங்தானே, எதுக்கு இப்பவே"ன்னு எல்லாரும் கைதூக்கி இதைப் பாதியாக்குவாங்க. மும்பை மழையில பத்தாவது வருஷம் வெளிச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும்போது தலைக்கு ரெண்டு லட்சம் கேட்டா அதே ஆளுங்கதான் கமிட்டி திருடிடுச்சும்பாங்க.

வாடகைக்கு விட்டவங்களுக்கு நான்-ஆக்யுபன்சி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ்ல 10 சதவீதத்துக்கு மேல போடக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் 3000னா அதிகபட்சம் 300. அம்மா அப்பா, பிள்ளைங்க மாதிரி நெருங்கின சொந்தம் குடியிருந்தா அதுவும் கிடையாது. வீடு விக்கும்போது ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் 500, ப்ரீமியம் மும்பைல 25,000க்கு மேல வாங்க முடியாது. "டொனேஷன்"னு வேற பேர்ல லட்சக்கணக்குல கேக்கற கமிட்டிங்க இருக்கு, கொடுக்காதீங்க, உங்க கமிட்டியும் கேக்காதீங்க. பாக்கிக்கு வட்டி வருஷம் 21 சதவீதம் வரைக்கும், தனி வட்டி, பொதுக்குழுவுல பாஸ் பண்ணிட்டு போடணும்.

கட்டவே கட்டாத ஆளு கட்டாயம் ஒருத்தர் இருப்பார். தண்ணியை நிறுத்தறது, லிஃப்ட் கார்டை லாக் பண்றது எல்லாம் பண்ணாதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும். நோட்டீஸ் கொடுத்துட்டு ரெஜிஸ்ட்ரார்கிட்ட ரெகவரி சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணுங்க. எல்லாரும் இதை "நூத்தி ஒண்ணு"ன்னுதான் சொல்வாங்க, பழைய செக்‌ஷன் நம்பர், ஹவுசிங்குக்கு இப்ப 154பி-29.

பார்க்கிங் பத்தி ஒரே வரி: ஸ்டில்ட்டையும் (பில்டிங்குக்குக் கீழ தூணுங்க நடுவுல இருக்கற பார்க்கிங்) ஓப்பன் பார்க்கிங்கையும் பில்டர் விக்க முடியாதுன்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, பில்டர் கொடுத்த பார்க்கிங் ரசீதைக் காட்டி யாராவது "என்னோடது"ன்னா சொசைட்டிதான் முடிவு பண்ணணும். மாசம் ஒரு வீட்டுக்கு 7500க்கு மேல பில் போய், வருஷ வரவும் 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி வரும், சிஏவைக் கேளுங்க.

8. வருஷா வருஷம் தப்பக் கூடாத தேதிங்க

மார்ச் 31 கணக்கு முடியும். ஜூலை 31க்குள்ள ஆடிட், அரசாங்கப் பேனல்ல இருக்கற ஆடிட்டர்தான் பண்ணணும், உங்க மச்சான் சிஏவா இருந்தாலும் பேனல்ல இல்லன்னா செல்லாது. ஏஜிஎம் (வருஷாந்திரப் பொதுக்குழு) செப்டம்பர் 30க்குள்ள, 14 நாள் முன்னாடி நோட்டீஸ். ஸ்பெஷல் மீட்டிங்னா 5 நாள். ரெஜிஸ்ட்ராருக்குப் போடற ரிட்டர்ன்ஸும் அதே செப்டம்பர் 30க்குள்ள. கமிட்டி மாசம் ஒரு தடவையாவது கூடணும்.

கோரம் (மீட்டிங் செல்லறதுக்கு வர வேண்டிய குறைஞ்சபட்ச ஆளுங்க), மொத்த மெம்பர்ல மூணுல ரெண்டு பங்கு இல்லன்னா 20, எது குறைவோ அது. எங்களுக்கு 19. ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு 19 பேர் வந்ததா சரித்திரமே இல்ல. அதனால நோட்டீஸ்லயே "கோரம் இல்லன்னா அரை மணி கழிச்சு அதே இடத்துல மீட்டிங் நடக்கும்"னு எழுதிடுங்க. நாங்க முதல் வருஷம் அதை எழுதாம விட்டோம், 12 பேரை வச்சு பாஸ் பண்ண தீர்மானம் எல்லாம் செல்லாதுன்னு ஒருத்தர் புகார் கொடுத்து, டீ சமோசா செலவோட சேர்த்து எல்லாத்தையும் மறுபடி பண்ணோம்.

சொசைட்டி மேல கண்காணிப்பு ரெஜிஸ்ட்ராரோடது. கணக்கு காட்டல, எலெக்‌ஷன் நடத்தல, ரெக்கார்டு தர மாட்டேங்கறாங்கன்னா அங்க போங்க, விசாரணை வைக்கவும் கமிட்டியையே நீக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கு. மெம்பருக்கும் கமிட்டிக்கும் நடுவுல தீர்மானம், எலெக்‌ஷன் மாதிரி தகராறுன்னா கோ-ஆபரேட்டிவ் கோர்ட். மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுது, பக்கத்து வீட்ல நாய் குலைக்குதுன்னு ரெஜிஸ்ட்ராருக்கு எழுதாதீங்க, கட்டு கட்டா அப்படி லெட்டர் அங்க கிடக்கு, அதுக்கு நடுவுலதான் உங்க நிஜமான புகாரும் கிடக்கும்.

9. கன்வேயன்ஸ்: இது இல்லன்னா நிலம் உங்களோடது இல்ல

சொசைட்டி பதிவானா எல்லாம் முடிஞ்சுதுன்னு நாங்க நினைச்சோம். பில்டிங் நிக்கற நிலம் இன்னும் பில்டர் இல்ல பழைய நிலத்துக்காரர் பேர்லதான் இருக்கும். நாளைக்கு கூடுதல் எஃப்எஸ்ஐ (நிலத்துல எவ்வளவு கட்டலாம்ங்கற அளவு) வந்தா அதுல அவர் கை வைப்பார், ரீடெவலப்மென்ட்டுக்குப் போனா முதல் கேள்வியே கன்வேயன்ஸ் ஆயிடுச்சான்னுதான். மோஃபாப்படி சொசைட்டி பதிவாகி 4 மாசத்துல பில்டர் நிலத்தை எழுதிக் கொடுக்கணும். கொடுக்க மாட்டார்.

அப்ப டீம்டு கன்வேயன்ஸ், அதாவது பில்டர் எழுதித் தராட்டாலும் அதிகாரியோட ஆர்டர்ல நிலத்தை சொசைட்டி பேருக்கு மாத்தறது. இது வார்டு டெபுட்டி ரெஜிஸ்ட்ரார்கிட்ட இல்ல, டிஸ்ட்ரிக்ட் டெபுட்டி ரெஜிஸ்ட்ரார்கிட்ட, ஃபார்ம் ஏழு, 2000 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முதல்ல பில்டருக்கு லீகல் நோட்டீஸ், பொதுக்குழு தீர்மானம், அப்புறம் ரெண்டாவது ஸ்டெப்ல சேர்த்த அதே ஃபைல், கூட எல்லா வீட்டோட ஸ்டாம்ப் ட்யூட்டி கட்டின ஆதாரம். 6 மாசத்துல ஆர்டர் வரணும்னு கணக்கு. ஒரு வீட்டோட இன்டெக்ஸ் டூ குறைஞ்சாலும் அங்க நிக்கும், அதனாலதான் முதல்லயே எல்லா 28க்கும் சேருங்கன்னேன், 51 சதவீதம் போதும்னு விட்டுட்டா இங்க வந்து மாட்டிப்பீங்க. எங்களுக்கு மாட்டினது ரீசேல்ல கை மாறின ரெண்டு வீடு, முதல் ஓனரோட அக்ரிமென்ட் காப்பி இப்ப இருக்கறவங்ககிட்ட இல்ல.

ஆர்டர் வந்ததும் கொண்டாடாதீங்க. ஸ்டாம்ப் ஆபிஸ்ல அட்ஜுடிகேஷன் (ட்யூட்டி எவ்வளவுன்னு முடிவு பண்றது), அதுல வீட்டுக்காரங்க ஏற்கனவே கட்டின ட்யூட்டியைக் கழிச்சுப்பாங்க. அப்புறம் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபிஸ்ல பதிவு. அதுக்கு அப்புறம் சிட்டி சர்வே ஆபிஸ்ல போய் ப்ராப்பர்ட்டி கார்டுல சொசைட்டி பேரை ஏத்தணும், நிறைய சொசைட்டி இந்தக் கடைசி வேலையை விட்டுட்டு பத்து வருஷம் கழிச்சு முழிக்குது.

கார்டு கைக்கு வந்ததும் பேரு, சிடிஎஸ் நம்பர் (சிட்டி சர்வே நம்பர்), சதுர மீட்டர் மூணையும் அங்கயே நின்னு சரிபாருங்க. எங்க கார்டுல சொசைட்டி பேர்ல ஒரு எழுத்து தப்பு, பரப்பளவுல 11 சதுர மீட்டர் கம்மி. அதுக்குத் தனியா ஒரு அப்ளிகேஷன் போட்டு எட்டு மாசம் ஆகுது, ரயில்வே மாமா இன்னும் டிபன் டப்பாவோட போயிட்டு இருக்கார்.